சாம்பல் பாதி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. கம்ப்யூட்டரில் ஒரு படம் பாதி இறங்கி நின்றுபோனால் மீதி இடம் சாம்பலாகத் தெரியுமே, அந்தச் சாம்பலைப் புடவை டிசைன் என்று நம்பியவன் நான். நம்பியதோடு நிற்கவில்லை. ஆரணியில் முப்பது வருடமாகத் தறிக்காரர்களைக் கொண்டு பட்டுப்புடவை போட்டு விற்கிற ஒரு மனிதரையும் நம்பவைத்தேன். அந்த மனிதர் என் அப்பா.

முப்பதைத் தாண்டி, முன்நெற்றி ஏறத் தொடங்கியிருக்கும் என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. வீடியோ இரண்டு நொடி சுற்றினால் போனைச் சோபாவில் வீசுகிற கூட்டம் அது. மோடத்தின் பச்சை விளக்கு கண்சிமிட்டுவதை விட்டு நிலையாக எரியட்டும் என்று மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அந்த வெறுப்பின் ருசி தெரியும். எனக்கு அது இன்னும் நாக்கிலேயே இருக்கிறது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கியவர் யாருமில்லை. அப்பாவுக்கும் வாங்கும் எண்ணம் இல்லை. அவர் வாங்கியதற்குக் காரணம் அத்தை.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. சிங்கப்பூரில் இருந்தார். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வெற்றிலைத் தட்டை முதலில் அவரிடம் நீட்டாமல், பட்டு வாங்க வந்திருந்த ஒரு வியாபாரியிடம் நீட்டிவிட்டார்கள். நீட்டிய கை அப்பாவுடையது. அன்று சாப்பிடாமல் எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வரும், அதுவும் அம்மா பெயருக்கு.

அந்த அத்தையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, வேலூரில். அத்தை மகள் என்று பெயரே தவிர என்னைவிடப் பத்து வயது பெரியவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களில் பெண், தாய்மாமன் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் முதலில் மணமேடைக்கு வருவாள். கூரைப்புடவை அதற்கு அப்புறம்தான். பேசாத அண்ணனிடம் அத்தை புடவை கேட்பாரா? மாட்டார். அக்காதான் ஒருநாள் போன் செய்தார்.

"மாமா, நீங்க போடற புடவைய கட்டிகினுதான் நான் மேடைக்கு வருவேன். டிசைன் நானே வரைஞ்சி வச்சிருக்கேன். மெயில்ல அனுப்பறேன். அம்மாக்கு நான் சொல்லிக்கறேன்."

அப்பா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மீதே கையை வைத்திருந்தார். தட்டு நீட்டிய கை. அந்தக் கைக்கு ஒரு வழி திறந்துவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா நியாயமாகத்தான் கேட்டார். "மெயில பாக்க பிரௌசிங் சென்டர் கீதே. பையன் போயி பாத்துட்டு வந்தா ஆவாதா?"

"அங்க போயி திறந்தா சாயங்காலத்துக்குள்ள நாலு தறியில அதே டிசைன் ஏறிடும்," என்றார் அப்பா. "கல்யாணப் பொண்ணு கட்டறதுக்கு முன்னாடி கடை வாசல்ல பொம்மை கட்டிகினு நிக்கும். நம்மூர்ல டிசைன் திருடறவன் ராத்திரி வரமாட்டான், பகல்ல வணக்கம் சொல்லிகினுதான் வருவான்."

டிசைன் திருட்டுக்குப் பயந்துதான் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. உலகத்தையே வீட்டுக்குள் கொண்டுவரும் கம்பியை, யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாதென்று வாங்கிய குடும்பம் எங்களுடையது.

அந்த மோடத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டும். வந்த புதிதில் வெள்ளையாக இருந்தது. மேலே அம்மா குரோஷா துணி போட்டுப் பொட்டு வைத்தார். ஒரே மாதத்தில் அது டீக்கடைப் பெஞ்சின் நிறத்துக்கு வந்துவிட்டது. எப்போதும் சூடாக இருந்ததால் வீட்டிலிருந்த கரப்பான்பூச்சிகள் எல்லாம் அதற்குக் குடிபெயர்ந்தன. தூக்கிக் குலுக்கினால் உள்ளே கடுகு உருளுவதுபோலச் சத்தம் கேட்கும். கடுகில்லை. சூட்டில் அது வேகிற நாற்றமும், பின்தெருவில் சோப்பும் சோடாவும் போட்டுக் கச்சாப் பட்டு நூலை அவிக்கிற நாற்றமும் சேர்ந்ததுதான் எனக்கு இன்டர்நெட்டின் வாசனை. பிற்காலத்தில் பெரிய கம்பெனியின் குளிரூட்டிய சர்வர் அறைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, வாசனையே இல்லாததால் மின்சாரம் போய்விட்டதென்று நினைத்தேன்.

வேகம்? அந்த வார்த்தையை அதற்குச் சொல்வதே பாவம். விளம்பரத்தில் ஒரு பையன் தலைமுடி பின்னால் பறக்க உட்கார்ந்திருப்பான். எனக்கும் முடி பறந்தது, பிடுங்கிக்கொண்டதால். வீட்டுப் போன் மணி அடித்தால் இணைப்பு அறுந்துவிடும். எதிர்வீட்டு விசைத்தறி ஓட ஆரம்பித்தால் அறுந்துவிடும். மழை வந்தால் போகும். மழை வரும்போல இருந்தாலே போகும். எங்கள் கம்பி தெருச் சாக்கடையை ஒட்டிப் போனது. சாயப்பட்டறைத் தண்ணீர் திங்கட்கிழமை கத்தரிப்பூ நிறத்திலும் புதன்கிழமை கிளிப்பச்சையிலும் அதில் ஓடும். என் மெயில்கள் எல்லாம் அதில் மூழ்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சிங்கப்பூர் போயின.

புகார் சொன்னால் லைன்மேன் வருவார். நல்ல மனிதர், வந்தவுடன் டீ கேட்பார். கம்பத்துப் பெட்டியைத் திறப்பார். உள்ளே ஒரு பல்லி செத்துக் காய்ந்து ஒயரோடு ஒயராகக் கிடக்கும். அதைக் கட்டிங் பிளேயரால் எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, அதே பிளேயரால் என் ஒயரைத் திருகுவார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா தம்பி?"

"பண்ணேண்ணா."

"இன்னொரு வாட்டி பண்ணு."

அவருடைய மொத்த வைத்தியமும் அதுதான்.

இப்படிப்பட்ட கம்பி வழியாகத்தான் அக்காவின் டிசைன் வந்தது. பெரிய படம். தாளில் கலர் பென்சிலால் வரைந்து ஸ்கேன் எடுத்திருந்தார். புடவையை நீளவாக்கில் விரித்துத் தொங்கவிட்டதுபோல, மேலே முந்தானை, கீழே உடல். மேலிருந்து கீழாக, பிரசவம் ஆவதுபோல அங்குலம் அங்குலமாக இறங்கியது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா வாசல் கதவைச் சாத்தினார், திருடர் பயம். முதலில் முந்தானையில் தங்க அன்னங்கள். பிறகு அரக்குச் சிவப்பு உடல், சின்னச் சின்ன மாங்காய்ப் புட்டா, மயில்கழுத்துக் கரை. அப்பாவின் உதடு தானாக இழைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

உடலின் நடுவுக்கு வந்ததும் சிவப்பு முடிந்து சாம்பல் ஆரம்பித்தது. முடிவு வரை ஒரே சாம்பல். திரையின் கீழ்மூலையில் 'முடிந்தது' என்று பொருள்படும் சொல்லும் வந்துவிட்டது. அந்தச் சொல்லை நான் நம்பினேன். பதினான்கு வயதில், இங்கிலீஷில் எழுதியிருந்ததெல்லாம் எனக்கு உண்மை.

"இன்னாடா இது, பாதிக்கு மேல வெறும் சாம்பலா கீது?" என்றார் அப்பா.

"அதான்ப்பா டிசைன். வெளிநாட்டுல பாதிப் பாதியாத்தான் கட்டறாங்க. பிளெய்னா உட்டாத்தான் இப்ப ஃபேஷன்."

யாரிடம் கேட்டு இதைச் சொன்னேன்? யாரிடமும் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிர், வாயைத் திறந்து தானே பேசியது.

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் கொடுத்த மாடலில் கை வைக்கக் கூடாது. கரை கோணலாக இருந்தால் கோணலாகவே நெய்ய வேண்டும். 'இது நல்லா இல்லை' என்று திருத்தி நெய்து திட்டு வாங்கியவர்கள் கதை ஊரெல்லாம் உண்டு. அதிலும் இது தங்கை மகள் வரைந்தது. ஒரு தட்டைத் தப்பாக நீட்டிப் பட்டது போதாதா?

"போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்," என்றார் அம்மா.

"போன எந்தங்கச்சிதான் எடுப்பா. எடுத்ததும் நான் சாம்பலான்னு கேக்கணுமா? நீயே மெயில்ல கேளுடா."

கேட்டேன். என் வழக்கப்படிக் கேட்டேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, 'அக்கா, டிசைன் வந்தது. சாம்பல் பாதி சூப்பர். மாப்பிள்ளை சாமியாரா?' என்று அனுப்பினேன். பதிலாக விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்று வந்தது. சம்மதம் என்று அப்பாவிடம் சொன்னேன். சின்ன வயதிலிருந்து ஒரு விஷயத்தையாவது ஒழுங்காகக் கேட்டிருந்தால், அன்றைக்கு என் கேள்வி கேள்வியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு என் மீதே அருவருப்பு வருகிறது, ஏனென்றால் எல்லோரும் அவ்வளவு நன்றாக வேலை செய்தார்கள். அப்பா சாயக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தார். இருவரும் பட்டு நூல் சிட்டத்தை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, ஜன்னலைத் திறந்தும் மூடியும் நிறம் பார்த்தார்கள்.

"வெளுப்பு ஒரு சொட்டு கூடிடுச்சி."

"இல்லீங்க, அந்தக் கண்ணாடி பளபளப்பு. நூலு சரியா கீது."

"எந்தங்கச்சி பொண்ணு கல்யாணம்பா. இன்னொரு வாட்டி முக்கி எடு."

வந்து சேராத ஒரு படத்தின் நிறத்தை, இம்மி பிசகாமல் பட்டில் பிடித்த ஊர் ஆரணியாகத்தான் இருக்கும்.

நெய்தவர் பக்கத்து முள்ளிப்பட்டு கிராமத்துத் தறிக்காரர், அப்பாவிடம் நூல் வாங்கிப்போய் வீட்டில் நெய்பவர். முந்தானைக்குச் செய்வதுபோல உடலின் நடுவிலேயே பாவு நூலை மாற்றி, நீளவாட்டுச் சிவப்பு இழையோடு சாம்பல் இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டியிருந்தது. அவரும் அவர் மனைவியும் கண் வீங்க உட்கார்ந்தார்கள். இன்னொரு கொடுமையும் உண்டு. படம் அறுந்த கோடு நேராக இல்லை. இடது ஓரத்தில் ஒரு சின்னப் படி போல இறங்கியிருந்தது.

"இந்தப் படி இன்னாத்துக்குங்க?" என்று தறிக்காரர் கேட்டார்.

"மாடல்ல கீது. போடு," என்றார் அப்பா.

போட்டார்கள். புடவையிலேயே கஷ்டமான இடம் அந்தப் படிதான் என்று தறிக்காரர் பெருமையாக எல்லோருக்கும் தடவிக் காட்டினார். நானும் தடவிப் பார்த்தேன். அறுந்துபோன இணைப்பைக் கையால் தொட்டுப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் அத்தையும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை அந்த வாசற்படியை மிதித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அப்பா புது வேட்டி கட்டியிருந்தார். வெற்றிலைத் தட்டை அவரே எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய் அத்தையிடம் நீட்டினார். அத்தை எடுத்துக்கொண்டார். அம்மா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்பா பாயை விரித்துப் புடவையை எடுத்தார். முந்தானையைப் பிரித்ததும் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். அத்தை குனிந்து அன்னத்தைத் தொட்டார். முகம் இளகியது. "ஜரிகை நல்லா ஏறிகீது," என்றார், யாரையும் பார்க்காமல். அப்பா அடுத்த மடிப்பைப் பிரித்தார்.

அத்தை அன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"இன்னா இது?" என்றார் அத்தை.

"சாம்பல், அத்தை," என்றேன் நான். கேட்கிறாரே, தெரியவில்லை போலிருக்கிறது என்று உதவினேன்.

அத்தை சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார். "மேடைக்கு ஏறப் போற பொண்ணுக்குச் சாம்பல். ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் சிவப்பு, பச்சை. எம்பொண்ணுக்குச் சாம்பல். அன்னிக்கு நான் சாப்புடாம போனதுக்கு இவ்ளோ நாளு காத்துகினு இருந்தாரா உங்க அப்பா?"

"டிசைன்ல அப்படித்தாம்மா இருந்திச்சி," என்றார் அப்பா. அத்தனை வருடம் கழித்துத் தங்கையிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் அனுப்பனது முழுக்கச் சிவப்புடா. நீ சாம்பல்னு எழுதனப்போ, எப்பவும் போலக் கலாய்க்கறன்னு இல்ல நெனச்சேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நெட்டு பாதியில நின்னுடுச்சி அத்தை," என்றேன். "படம் பாதிதான் வந்துது. மீதிதான் சாம்பல்."

"நெட்டுல பாதி வருமா? எங்கூட்லயும் நெட்டு கீது. இத்தினி வருசத்துல ஒண்ணாவது எனக்குப் பாதியா வந்திருக்குதா? சின்ன பையன் சொன்னான்னு புடவை போடறவரு சாம்பல் போட்டாராம். காதுல பூ சுத்தாத."

அப்பா பேசியிருக்கலாம். ஆனால் முட்டாள் என்று ஒத்துக்கொண்டால்தான் விரோதி இல்லை என்று ஆகும். புடவையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"இருங்க, காட்டறேன்," என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். வீடே அதன் முன்னால் வந்து நின்றது. மெயிலைத் திறந்து அதே படத்தை மறுபடி இறக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, இணைப்பு அறுந்துபோக வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். போன் அடிக்கட்டும். எதிர்வீட்டுத் தறி ஓடட்டும். பல்லி சாகட்டும்.

ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பீடை பிடித்த பெட்டி, வாங்கிய நாளிலிருந்து ஒரு படத்தைக்கூட ஒழுங்காகக் கொடுக்காத பெட்டி, வெண்ணெய்போல ஒரே வழுக்கலில் முழுப் படத்தையும் இறக்கிவிட்டது. அன்னம், சிவப்பு, மாங்காய், மறுபடி சிவப்பு, கடைசிவரை சிவப்பு. பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. விளம்பரப் பையனின் முடி பறந்திருக்கும்.

'பழைய படத்தின் மேலேயே பதியட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. பதற்றத்தில் ஆம் என்று அமுக்கினேன். எங்கள் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சி, அந்தப் பாதிப் படம், அத்துடன் போனது.

அத்தை எழுந்தார். "நல்லா வந்துகினுதானே இருக்குது," என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டார்.

கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் முடியாது, அதனால் அப்பா போனார். அத்தை வேலூரில் ஒரு கடையில் சிவப்புப் புடவை வாங்கித் தட்டில் வைத்திருந்தார். 'தாய்மாமனைக் கொடுக்கச் சொல்லுங்க' என்று ஐயரிடம் சொன்னார், அப்பா இரண்டடி தூரத்தில் நிற்கும்போது. யாரோ நெய்த புடவையை, தான் நெய்வித்ததுபோல அப்பா இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். விலைச் சீட்டின் நூல் மட்டும் கரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விரல் அதைத் தானாகக் கிள்ளி எறிந்ததை நான் பார்த்தேன். நான் அன்று பாயசம் மூன்று கிளாஸ் குடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தில் எனக்குப் பசி கூடும்.

சாம்பல் பாதி எங்கள் பீரோவிலேயே தங்கிவிட்டது. யாரும் கட்டவில்லை, விற்கவும் அப்பா விடவில்லை. போன மாதம் சென்னையில் ஒரு துணிக்கடைக் கண்ணாடிக்குள் பார்த்தேன், பொம்மைக்குப் பாதிச் சிவப்பு, பாதிச் சாம்பல் கட்டி, கல்யாண ஸ்பெஷல் என்று அட்டை மாட்டியிருந்தார்கள். நான் வாயில் வந்ததைச் சொன்னது ஒருநாள் உண்மையாகிவிட்டது, யாருக்கும் உதவாத நேரம் பார்த்து.

இன்னும் கொஞ்சம்தான். கல்யாணம் முடிந்து அவர்கள் சிங்கப்பூர் போன பிறகு ஸ்டுடியோக்காரர் போட்டோக்களை சிடியில் போட்டுக் கொடுத்தார். அதில் ஒன்றை அப்பா வெகுநேரம் பார்த்தார். மேலே அப்பா முகமும் அக்கா முகமும், இருவரும் சிரிக்கிறார்கள். கீழே தட்டும் அந்தக் கடைப் புடவையும்.

"இத அவங்களுக்கு அனுப்பிவுடு," என்றார். "ஒண்ணும் எழுதாத. நீ எழுதனதெல்லாம் போதும்."

ஒன்றும் எழுதவில்லை. படத்தை மட்டும் இணைத்து அனுப்பினேன். நடுவில் வீட்டுப் போன் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. பச்சை விளக்கு அணைந்து, சிமிட்டி, மறுபடி எரிந்தது. போய்விட்டது என்று திரை சொன்னது. பழைய புத்திதானே, நம்பினேன்.

நாலைந்து நாள் கழித்து அக்காவிடமிருந்து பதில் வந்தது. எப்போதும் போடும் மஞ்சள் மூஞ்சிகூட இல்லை.

'பாதி போட்டோதான் வந்திருக்கு, கீழ்ப் பாதி சாம்பல். அம்மாகிட்ட காட்டிட்டேன்.'